இடப்பக்கத்து ஆசிரியர்

பொருளீட்டும் வழிகள் உலகில் பல. நிலத்தை உழுது விளைவித்துப் பொருளீட்டுவார் ஒரு சாரார். பண்டங்களை வாங்கி விற்றுப் பொருளீட்டுவார் மற்றொரு சாரார். தாம் கற்ற திறனைப் பிறர்க்குக் கற்பித்து அதனால் வாழ்வார் வேறொரு சாரார். இம்மூன்றாம் வகையினர்க்குத் தனிச்சிறப்பு ஒன்று உண்டு. உழவர் விற்ற நெல் அவர்தம் களஞ்சியத்தை விட்டு நீங்கும். வணிகர் விற்ற துணி அவர்தம் கடையை விட்டு நீங்கும். ஆசிரியர் கொடுத்த திறனோ, கொடுத்த பின்னும் அவரிடத்தே குறையாது நிற்கும். கார் ஓட்டக் கற்பிக்கும் தொழில் இம்மூன்றாம் வகையைச் சார்ந்தது. பிறரிடம் சம்பளத்திற்கு அமராமல், சொந்தக் கார் ஒன்றை வைத்துக்கொண்டு, தாமே பயிற்சிப் பள்ளி நடத்தி வாழ்வோர் நம் ஊர்களில் பலர் உளர். அவர்களுடைய தொழில் எத்தகையது, அதில் வருவாய் எங்ஙனம் அமைகிறது, அவ்வருவாயைக் காப்பது யாது என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

நம் நாட்டுக் கார்களில் ஸ்டியரிங் சக்கரம் வலப்பக்கத்தில் உள்ளது. ஆதலின் ஓட்டப் பழகுவோர் வலப்பக்கத்திலும், ஆசிரியர் இடப்பக்கத்திலும் அமர்வர். பயிற்சிக் காரில் இடப்பக்கத்து இருக்கையின் முன்னும் ஒரு பிரேக் மிதியும் ஒரு கிளட்ச் மிதியும் பொருத்தப்பட்டிருக்கும். பழகுவோர் தடுமாறும்போது ஆசிரியர் தம் காலாலேயே வண்டியை நிறுத்திவிடலாம். வகுப்பறையில் ஒரு மாணவன் கணக்கைத் தவறாகப் போட்டால், ஆசிரியர் சிவப்பு மையால் அதனைத் திருத்துகிறார். திருத்தியதும் பிழை நீங்கிவிடுகிறது. சாலையில் நேரும் பிழை அத்தகையதன்று. அது நேர்ந்த பின் திருத்த இயலாது; நேருமுன்னரே தடுத்தாக வேண்டும். ஆகவே இவ்வாசிரியர் பேசும்போதும் கண்கள் சாலையிலே இருக்கும். கால்கள் மிதிகளின் அருகே இருக்கும்.

இனி, கையால் கியர் மாற்றும் காரில் கற்பிக்க வேண்டிய நுட்பம் யாது என்பதைப் பார்ப்போம். எஞ்சினின் சுழற்சியைச் சக்கரங்களுக்குச் செல்லவிடுவதும், வேண்டும்போது அதனைத் துண்டிப்பதும் கிளட்சின் வேலை. மிதியை முழுதும் அழுத்தினால் தொடர்பு அறும். முழுதும் விட்டால் தொடர்பு கூடும். இவ்விரண்டிற்கும் நடுவே, எஞ்சினோடு சுழலும் தட்டும் கிளட்ச் தட்டும் ஒன்றையொன்று மெல்லப் பற்றத் தொடங்கும் இடம் ஒன்று உண்டு. அதனை ‘அரை கிளட்ச்’ என்பர். அவ்விடத்தை அறியாமல் காலைச் சட்டென்று எடுத்தால் வண்டி குலுங்கி எஞ்சின் நின்றுவிடும். நெடுநேரம் அவ்விடத்திலேயே காலை வைத்திருந்தால் தட்டு உரைந்து சூடேறித் தேயும். மேம்பாலத்தின் ஏற்றத்தில், முன்னும் பின்னும் வண்டிகள் நெருங்கி நிற்க, கைப்பிரேக்கை விடுவித்து, பின்னோக்கி உருளாமல் வண்டியை நகர்த்துவதே புதிதாகப் பழகுவோர்க்குப் பெருஞ்சோதனை. இதனைச் சொல்லால் மட்டும் விளக்கிவிட முடியாது. பாதம் அறியும் வரையில் பலமுறை செய்யச் சொல்லிப் பொறுமையோடு காத்திருத்தலே ஆசிரியர் செய்யத்தக்கது.

கார்களின் கியர் அமைப்பு காலந்தோறும் எளிதாகி வந்துள்ளது. 1928ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கேடிலாக் கார்களில் ‘சின்க்ரோமெஷ்’ என்னும் அமைப்பு வந்தது. அதற்கு முன்பு பல்சக்கரங்களின் வேகத்தை ஓட்டுநரே இசைவித்துக் கியரை மாற்ற வேண்டியிருந்தது. தவறினால் பற்கள் உராய்ந்து அலறும். பின்னர், 1940ஆம் ஆண்டிற்குரிய ஓல்ட்ஸ்மொபில் கார்களில் தானே கியரை மாற்றிக்கொள்ளும் அமைப்பும் விற்பனைக்கு வந்தது. எனினும் நம் நாட்டுச் சாலைகளில் கையால் கியர் மாற்றும் கார்கள் இன்றும் மிகுதி. அவற்றில் பழகியவர் தானியங்கிக் கியர் காரை எளிதில் ஓட்டுவர். தானியங்கிக் காரில் மட்டும் பழகியவர் மற்றதை ஓட்டக் கிளட்சை முதலிலிருந்து கற்க வேண்டும். பிரிட்டனில், தானியங்கிக் காரில் தேர்வு கொடுத்துத் தேறியவர் கையால் கியர் மாற்றும் காரை ஓட்டச் சட்டமே இடந்தருவதில்லை. ஆதலின் கடினமானதைக் கற்பிக்க வல்லவரை நாடி வருவோர் இன்றும் உளர்.

கார் ஓட்டத் தெரிந்தவர் எல்லாம் கட்டணம் பெற்றுக் கற்பித்துவிடலாமா? கூடாது. உரிமம் பெறாமல் எவரும் கட்டணத்திற்குப் பயிற்சிப் பள்ளி நடத்தலாகாது என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. பயிற்றுவோர் பத்தாம் வகுப்பில் தேறியிருத்தல் வேண்டும். ஐந்தாண்டுகளேனும் வண்டி ஓட்டிய பட்டறிவு வேண்டும். மோட்டார் இயந்திரப் படிப்பில் சான்றிதழும் வேண்டும். பயிற்சிக்கென்றே சொந்த வண்டி இருத்தல் வேண்டும். அதில் இரட்டைக் கட்டுப்பாடு அமைந்திருத்தல் வேண்டும். பாடம் நடத்த இடமும், கரும்பலகையும், சாலைக் குறிகளின் படமும் வேண்டும். உரிமம் ஐந்தாண்டுகளுக்குச் செல்லும். பின்னர் அதனைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். சொந்த உபயோகத்திற்குக் கார் ஓட்டப் பழகுவோர்க்கு 21 நாட்களுக்குக் குறையாமல் பயிற்சி அளிக்க வேண்டும் என்றும், அதில் 10 மணி நேரத்திற்குக் குறையாமல் அவர் வண்டியை ஓட்டியிருக்க வேண்டும் என்றும் அவ்விதிகள் வரையறுக்கின்றன. ஒவ்வொருவரும் நாள்தோறும் ஓட்டிய நேரத்தைத் தனித்தனியே பதிவேட்டில் எழுதி வைத்தலும் பள்ளி நடத்துவோரின் கடமை.

இனி வருவாயைக் கணக்கிடுவோம். ஊருக்கு ஊர் கட்டணம் மாறும். ஆதலின் பின்வரும் தொகைகளைக் கணக்கின் பொருட்டு நாமே வைத்துக்கொண்டவை எனக் கொள்க. ஒருவரிடம் பெறும் பயிற்சிக் கட்டணம் 5,000 ரூபாய். திங்கள்தோறும் பத்துப் பேர் சேர்ந்தால் வரவு 50,000 ரூபாய். இதனைக் கண்டவுடன், மாதம் ஐம்பதாயிரம் வருகிறதே என்று மகிழ்தல் அறியாமை. பத்துப் பேர்க்குத் தலைக்குப் பத்து மணி வீதம் 100 மணி நேரம் வண்டி ஓட வேண்டும். மணிக்கு 15 கிலோமீட்டர் வீதம் 1,500 கிலோமீட்டர் ஓடும். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் எனின் 125 லிட்டர் பெட்ரோல். லிட்டர் 100 ரூபாய் எனின் 12,500 ரூபாய். தேய்ந்து போகும் காருக்கு மாற்றாக வேறொன்று வாங்குதற்குத் திங்கள்தோறும் ஒதுக்க வேண்டியது 8,000 ரூபாய். பழுதுபார்ப்பு, டயர், கிளட்ச் தட்டு, காப்பீடு ஆகியவற்றிற்கு 5,000 ரூபாய். இடத்தின் வாடகை 6,000 ரூபாய். ஆகச் செலவு 31,500 ரூபாய். எஞ்சுவது 18,500 ரூபாய். இதுவே அவருடைய உண்மை வருவாய். ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது நம் முன்னோர் பழமொழி. காருக்கென ஒதுக்க வேண்டியதையும் வருவாய் என்றெண்ணி உண்டுவிட்டவர், கார் ஓய்ந்த அன்று தொழிலையும் இழப்பர்.

இக்கணக்கில் மற்றோர் உண்மையும் அடங்கியுள்ளது. பத்துப் பேருக்கு மாறாகப் பதினைந்து பேர் சேர்ந்தால் வரவு 75,000 ரூபாய் ஆகும். பெட்ரோல் செலவு 18,750 ரூபாயாகும். பழுதுபார்ப்பு முதலியவற்றிற்கு ஓராயிரம் கூடி 6,000 ரூபாயாகும். காருக்கு ஒதுக்குவதும் வாடகையும் முன்போலவே நிற்கும். ஆகச் செலவு 38,750 ரூபாய். எஞ்சுவது 36,250 ரூபாய். பயில்வோர் தொகை ஒன்றரை மடங்காயிற்று. வருவாயோ ஏறக்குறைய இரு மடங்காயிற்று. ஆதலின் தனித்துத் தொழில் புரிவார்க்கு வெறுமையாகக் கழியும் ஒவ்வொரு மணியும் இழப்பே. அலுவலகம் செல்வோர் காலையிலும் மாலையிலும் வருவர். இல்லத்தரசியரும் ஓய்வு பெற்றோரும் நண்பகலில் வர இசைவர். ஒரே தெருவில் உள்ளவர்களை அடுத்தடுத்த மணிகளில் அமைத்துக்கொண்டால் ஆளில்லாமல் ஓடும் தொலைவு குறையும். பெண் ஒருவரே ஆசிரியராக இருந்தால், பிறரிடம் பழகத் தயங்கும் பெண்கள் பலர் அவரை நாடி வருவர்.

அந்த ஐந்து பேரை மேலும் கொண்டுவருவது எது? காரின் மேல் எழுதிய பெயர்ப்பலகை ஓரளவே உதவும். முன்பு பயின்றவர் தம் தம்பியிடத்தும் தோழியிடத்தும் கூறும் நற்சொல்லே பெரிதும் உதவும். அச்சொல்லைப் பணம் கொடுத்து வாங்க இயலாது. நாள்தோறும் நடந்துகொள்ளும் முறையால் ஈட்ட வேண்டும். குறித்த நேரத்தில் வருதல், கடிந்து பேசாமை, வண்டியில் அமர்ந்து தம் தொலைபேசியில் பேசாமை, கட்டணத்தை முன்னரே தெளிவுறச் சொல்லுதல் ஆகியன அந்நற்சொல்லுக்கு வித்துகள்.

இத்தொழிலில் மனத்தை ஆட்டும் சோதனை ஒன்று உண்டு. பத்து மணி நேரம் ஓட்டுவிக்க வேண்டியவரை ஆறு மணியோடு அனுப்பிவிட்டுப் பதிவேட்டில் பத்து என்று எழுதினால் மிச்சமாவது என்ன? நம் கணக்கின்படி நான்கு மணிக்கு 60 கிலோமீட்டர், ஐந்து லிட்டர் பெட்ரோல், 500 ரூபாய். அந்நேரத்தில் வேறொருவரைச் சேர்த்துக்கொள்ளவும் கூடும். பதிவேட்டை எழுதுபவர் அவரே. மேலே ஒரு முதலாளி இல்லை. உடன் பணிபுரிவாரும் இல்லை. தேர்வு நடக்கும் இடத்தில் மட்டும் ஓட்டத் தெரிந்துகொண்டு உரிமம் பெற்றுவிடுவாரும் இருக்கலாம். ஆனால் அவர் மறுநாள் ஓட்டப்போவது தேர்வுத் திடலிலன்று. மழை பெய்யும் நெடுஞ்சாலையில். பள்ளி விடும் நேரத்தில் பிள்ளைகள் ஓடிவரும் தெருவில். அப்பொழுது இடப்பக்கத்தில் ஆசிரியர் இல்லை. அவருடைய பிரேக் மிதியும் இல்லை. 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் விபத்தினால் உயிரிழந்தோர் 1,68,491 பேர். அவ்வாண்டில் நாட்டிலேயே மிகுதியான சாலை விபத்துகள் நிகழ்ந்தது நம் தமிழ்நாட்டில். விபத்துகளின் காரணங்கள் பல என்பது உண்மையே. எனினும் தாம் கொடுக்காத நான்கு மணிப் பயிற்சி அக்காரணங்களுள் ஒன்றாகிவிடலாகாது என்று அஞ்சுதல் ஆசிரியர்க்கு அழகு. ஐந்நூறு ரூபாயை ஒரு தட்டிலும் ஓர் உயிரை மற்றொரு தட்டிலும் வைத்து நிறுத்துப் பார்ப்பவர் பதிவேட்டில் பொய் எழுதார்.

இதற்கு நேர்மாறான குற்றமும் ஒன்று உண்டு. நன்கு பழகிவிட்டவரையும், ‘உமக்கு இன்னும் கை வரவில்லை’ என்று அச்சுறுத்தி, மேலும் கட்டணம் வாங்கிப் பயிற்சியை நீட்டித்தல் அது. அன்றியும், பழகுவோர் செய்ய வேண்டிய ஒவ்வொன்றையும் ஆசிரியர் தாமே முந்திச் செய்துவிடுதலும் அதனோடு ஒத்ததே. தம் காலால் கிளட்சை மிதித்துக் கொடுத்தும், தம் கையால் ஸ்டியரிங்கைத் திருப்பியும் பத்து மணியைக் கழித்துவிட்டால், ஓட்டியவர் ஆசிரியரேயன்றிப் பயின்றவர் அல்லர். நல்லாசிரியர் முதல் நாள் மிகுதியாகப் பேசுவார். பத்தாம் நாள் குறைவாகப் பேசுவார். இறுதி நாள் பெரும்பாலும் வாளா இருப்பார். இடர் நேர்ந்தாலன்றித் தம் மிதியைத் தொடார்.

காலம் மாறி வருகிறது. 2021ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல், அங்கீகாரம் பெற்ற பெரிய ஓட்டுநர் பயிற்சி மையங்களுக்குரிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. கார் போன்ற இலகுரக வண்டிகளுக்கு அத்தகைய மையம் அமைக்க ஓர் ஏக்கர் நிலமேனும் வேண்டும். பயிற்சி நான்கு வாரங்களில் 29 மணி நேரம் நடைபெற வேண்டும். மற்றொரு புறம், கிளட்ச் மிதியே இல்லாத மின்சாரக் கார்கள் சாலைக்கு வந்துகொண்டிருக்கின்றன. ஒரே கார் வைத்திருக்கும் ஆசிரியர் இவற்றைக் கண்டு கலங்க வேண்டுவதில்லை. ஆயினும் கவனியாதிருத்தலும் கூடாது. புதியவற்றைத் தாமும் கற்றுக்கொள்ளல் வேண்டும். கிளட்ச் ஒருகால் மறைந்தாலும், எதிரே வருபவரின் எண்ணத்தை உய்த்துணர்தல், இடைவெளி விட்டுச் செல்லுதல், சினமின்றி வழிவிடுதல் ஆகியவற்றைக் கற்பிக்க வேண்டிய தேவை மறையாது.

மாணவர்களே! நீங்கள் பதினெட்டு வயது நிரம்பிக் கார் ஓட்டப் பழகச் செல்லும் நாளில், ஆசிரியர் கேட்கும் கட்டணத்தை மட்டும் விசாரித்து மீளாதீர்கள். எத்தனை மணி நேரம் ஓட்டப் பழக்குவார் என்பதையும் கேளுங்கள். உங்களுள் சிலர் இத்தொழிலையே மேற்கொள்ளவும் கூடும். எத்தொழிலை மேற்கொண்டாலும், கண்காணிப்பார் இல்லாத இடத்தில் நீங்கள் எழுதும் கணக்கு மெய்யாக இருக்கட்டும். தம்மை வேண்டாதவராக்கும் அளவிற்குப் பிறரைத் தேர்ச்சியுறச் செய்பவரே சிறந்த ஆசிரியர். அவரால் பழகியவர் தனியே கார் ஓட்டிச் செல்லும்போது இடப்பக்கத்து இருக்கை வெறுமையாக இருக்கும். அவரிடத்தில் பயில அடுத்தவர் வந்து காத்திருப்பார்.