டயர் மீட்டழைப்பும் பாரவண்டிகளும்

சிறுபோக அறுவடைக் காலத்தில் சாகாமத்து வயல்களிலிருந்து நெல்மூடை ஏற்றி வரும் லொறிகளைக் கண்டோர், அவற்றின் பின்சில்லுகளில் டயர்கள் பிதுங்கி உருள்வதையும் கண்டிருப்பர். பாரம் மிகுந்தோ காற்றுக் குறைந்தோ ஏற்படும் அப்பிதுக்கம் எத்துணை ஆபத்தானது என்பதை, ஐக்கிய அமெரிக்காவில் நேர்ந்த ஒரு பெருங்கேடு உலகுக்கு உணர்த்திற்று.

2000ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் பயர்ஸ்டோன் நிறுவனம், பாவனையிலிருந்த ஏறத்தாழ 65 இலட்சம் டயர்களை மீட்டழைத்தது. குற்றமுள்ள பொருளை ஆக்கியோனே திரும்பப் பெற்று விலையின்றி மாற்றிக் கொடுத்தலே மீட்டழைப்பு எனப்படும். அவற்றுட் பல, ஃபோர்ட் எக்ஸ்புளோரர் என்னும் பெரிய வாகனத்திற் பூட்டப்பட்டவை. ஓடும்போதே டயரின் மேற்பட்டை உரிந்து கழன்றது, வாகனம் குடைசாய்ந்தது. 271 மரணங்கள் இதனோடு தொடர்புடையன என அந்நாட்டு அதிகாரிகள் கணக்கிட்டனர்.

காரணம் யாது? டயரின் ஆக்கத்திற் குறையிருந்தது. அதனோடு வேறும் கூடின. ஃபோர்ட் விதித்த காற்றமுக்கம் சதுர அங்குலத்துக்கு 26 இறாத்தல். டயர் நிறுவனமோ 30 வேண்டுமெனப் பின்னர் கூறியது. காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுழற்சியிலும் மிகுதியாய் மடிந்து நிமிரும். அதனால் வெப்பம் பிறக்கும். வெப்பம் இறப்பருக்கும் உருக்குக் கம்பிக்குமுள்ள பிணைப்பைத் தளர்த்தும். டெக்சாஸ், அரிசோனா, புளோரிடா முதலிய வெப்பமிக்க மாநிலங்களில் விபத்துக்கள் மலிந்தமை இதனாலாம். வெயிலும் பாரமும் நமக்கும் புதியனவல்லவே!

நம்மவர் பலர் உழைக்கச் செல்லும் சவூதி அரேபியாவிலே, 1999இலேயே ஃபோர்ட் இவ்வகை டயர்களை மாற்றிக் கொடுத்தது. அமெரிக்க அதிகாரிகளுக்கு அது அறிவிக்கப்படவில்லை. ஆதலால் 2000 நவம்பரிற் பிறந்த சட்டம், பிறநாட்டு மீட்டழைப்புகளையும் ஐந்து வேலைநாட்களுள் அறிவிக்கவேண்டுமென விதித்தது.

ஆயினும் அழைப்பு வந்து சேர, உரிமையாளன் யாரெனத் தெரிய வேண்டும். யப்பானிலிருந்து பழைய வாகனத்தோடு வந்த டயருக்கும், கைமாறி வாங்கிய டயருக்கும் யார் கடிதம் எழுதுவார்? இங்கு பரிசோதகர் நாமே.

முதலில், டயரின் பக்கச்சுவரில் உற்பத்திக் குறியின் இறுதியிலுள்ள நான்கு இலக்கங்களை நோக்குக. 2319 எனின், 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்திற் செய்யப்பட்டது. மூன்றிலக்கமாயின் 2000க்கு முற்பட்டது. தவாளிப்பு எவ்வளவு ஆழமாயிருப்பினும் அதனை வாங்கற்க.

அடுத்தது பாரக்குறி. லொறிக்குரிய 10.00 ஆர் 20 டயரொன்றில் 146/143 என்றிருந்தால், உரிய அமுக்கத்தில் அது தனியே 3000 கிலோகிராம் தாங்கும். இரட்டையாய்ப் பூட்டின் 2725 மட்டுமே. பின்னச்சின் நான்கும் சேர்ந்து 10,900 கிலோகிராம், 12,000 அன்று. இரட்டையுள் ஒன்று காற்றிழப்பின் அதன் பங்கையும் மற்றது சுமக்கும். சாரதிக்கு அது தெரியாது. தேய்ந்ததையும் புதியதையும் இணைத்தாலும் இதுவே நிகழும்.

வானுக்குக் கார் டயர் பூட்டும் சிக்கனமும் உண்டு. அளவு பொருந்தினாற் பாரம் பொருந்திவிடாது. சிறு பாரவண்டியிற் கார் டயரைப் பூட்டினால், பொறித்த பாரத்தை 1.10ஆல் வகுத்தே கொள்ளவேண்டுமென்பது அமெரிக்க விதி.

காற்றமுக்கத்தைக் காலையிற் புறப்படுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்கவேண்டும். ஓடிச் சூடேறிய டயரில் அமுக்கம் உயர்ந்து காட்டும். அதுகண்டு காற்றைத் திறந்துவிடுவோர் பலர். அவ்வண்டி மறுநாட் காலை குறைகாற்றுடனேயே வயலுக்குப் புறப்படும்.