இடம் நிரம்பிய வட்டும் விளையாட்டுலகின் இடப்பெயர்ச்சியும்

கணினியின் வன்தட்டினைப் பிளவின்றிப் பரந்து கிடக்கும் ஒரே வெளி என எண்ணுவார் பலர். அஃது அவ்வாறன்று. சுவரெடுத்து அறை அறையாக வகுத்த ஒரு வீட்டினையே அது பெரிதும் ஒக்கும். ஓரறையில் இயங்குதளம் குடியிருக்கும். பிறிதோர் அறையிற் படங்களும் பாடங்களும் ஏனைய கோப்புகளும் கிடக்கும். இவ்வறைகளைப் பிரிவுகள் என வழங்குவர். ஓரறை நிரம்பி வழியும்போது அயலறை வெறுமையாகக் கிடந்தாலும், நடுச்சுவர் இருக்குங்காறும் அவ்வெறுமையாற் பயனில்லை. நிரம்பியது இயங்குதளத்தின் அறையாயின் இடர் பெரிது. அங்குக் குடியிருப்பவன் வீட்டுக்காரன் அல்லனோ! விளையாட்டுச் சேவையகம் ஒன்று இவ்வாறு இயங்குதளப் பிரிவை நிரப்பிவிட்டவிடத்து, அதன் கோப்புகளைப் பழுதின்றி வேறு பிரிவுக்குப் பெயர்ப்பது எங்ஙனம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

விளையாட்டு என்றவுடன் முகஞ் சுளிக்கும் பெரியோர் நம் பழைய மாணவருள் இருத்தல் கூடும். அவர்க்கு ஒரு செய்தி கூறல் வேண்டும். கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய கரையோர ஊர்களில், கட்டாருக்கோ சவூதிக்கோ தொழில் நாடிச் சென்றோரையுடைய குடும்பங்கள் மிகப் பல. ஊரிலுள்ள தம்பியும், 'காக்கா' என இப்பகுதி முஸ்லிம் மக்கள் அழைக்கும் தமையனும் நாள்தோறும் சந்திக்கும் இடங்களுள் மைன்கிராப்ட் என்னும் விளையாட்டும் ஒன்று. சுவீடன் நாட்டு மார்க்கஸ் பேர்சன் 2009 இல் வெளியிடத் தொடங்கிய இது, 2011 இல் முழுவடிவம் பெற்றது. 2014 இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் 250 கோடி அமெரிக்க டொலருக்கு இதனை வாங்கிற்று. கனசதுரக் கட்டிகளை ஒவ்வொன்றாக அடுக்கி வீடு, பள்ளிவாசல், வயல், வாய்க்கால் என ஓர் ஊரையே இதிற் சமைக்கலாம். அந்நியரோடு பொதுச் சேவையகத்தில் ஆடுதலை விரும்பாது, வீட்டிற் கிடக்கும் பழைய கணினியிலேயே தமக்கெனச் சேவையகம் நிறுவிக்கொள்வோர் உளர். அங்கே வளரும் உலகம் இரண்டு மூன்று ஆண்டுகளின் மாலைப்பொழுதுகளாற் கட்டப்பட்டது. கடையில் விற்பதன்று; கெட்டால் மீளாது.

பிரிவு நிரம்பினால் விளையாட்டு நின்றுபோகும் என்பதே பலருடைய அச்சம். நின்றுபோயின் நன்றே. நில்லாமல் அரைகுறையாக எழுதுவதே கேடு. மைன்கிராப்ட் உலகம் நிலப்பகுதிக் கோப்புகளாகச் சேமிக்கப்படுகின்றது. ஒவ்வொரு கோப்பும் பக்கத்துக்கு 512 கட்டிகள் கொண்ட சதுர நிலத்தைத் தாங்கும்; அந்நிலம் பக்கத்துக்கு 16 கட்டிகளாக 1024 துண்டுகளாய் வகுக்கப்பட்டிருக்கும். கோப்பின் தலைப்பகுதியில் 8 கிலோபைற்று அளவான அட்டவணை ஒன்றுண்டு. எத்துண்டு கோப்பில் எவ்விடத்தது, எப்பொழுது எழுதப்பட்டது என்பன அதிலே குறிக்கப்படும். இடமின்மையால் ஒரு துண்டு முற்றாக எழுதப்படாது போனால், அட்டவணை ஒன்றைக் கூற, கோப்பில் வேறொன்று கிடக்கும். மறுமுறை சேவையகம் அத்துண்டினைப் படிக்கவியலாது, கெட்டதெனத் தள்ளி, அவ்விடத்தில் ஆதிநிலத்தைப் புதிதாக ஆக்கிவிடுதலும் உண்டு. அப்பொழுது தம்பி கட்டிய வீட்டின் ஒரு பாதி நிற்க, மறுபாதி நின்றவிடத்தில், கத்தியால் அரிந்தாற்போன்ற நேர்க்கோட்டுக்கு அப்பால், காடும் மேடும் தோன்றும்.

ஆதலின், நிரம்பியதெனக் கண்டவுடன் செய்யத்தக்கது சேவையகத்தை முறைப்படி நிறுத்துதல்; செய்யத்தகாதது கைக்கு அகப்பட்ட கோப்புகளை அழித்தல். நிரப்பியது யாதென முதலில் அறிதல் வேண்டும். லினக்ஸ் இயங்குதளத்தில் டி.எப். என்னும் கட்டளை எப்பிரிவு எவ்வளவு நிரம்பிற்று என்பதையும், டி.யு. என்னும் கட்டளை எக்கோப்புறை எவ்வளவு இடம் பிடித்தது என்பதையும் காட்டும். இவ்விரண்டின் கணக்கும் ஒவ்வாமற் போவதுண்டு. இயங்கிக்கொண்டிருக்கும் நிரல் ஒன்று திறந்து வைத்துள்ள கோப்பினை அழித்தால், பெயர் மறையுமேயன்றி இடம் மீளாது. அந்நிரல் அதனை விடுமளவும் அக்கோப்பு கண்ணுக்குத் தெரியாத குடியாக அங்கேயே இருக்கும். இன்னுமொன்று: ஈ.எக்ஸ்.ரி. வகைக் கோப்புமுறைகள் வழக்கமாக நூற்றுக்கு 5 பங்கினை நிருவாகிக்கென ஒதுக்கி வைப்பன. மொத்தத்திற் செலவைக் கழித்தால் மிச்சம் இருப்பதாகத் தோன்றும்போதே சேவையகத்துக்கு இடம் மறுக்கப்படுவது இக்காரணத்தாலாகும்.

எமது அனுபவத்தில், உலகமே பிரிவை நிரப்புதல் குறைவு. விளையாடுவோர் கால்போன போக்கில் அலைய அலையப் புதுநிலம் பிறந்து எழுதப்படுவது மெய்யே. ஆயினும் அதனிலும் விரைந்து பெருகுவன நாள்தோறும் தாமாக எடுக்கப்படும் காப்புப் பிரதிகள். உலகம் 4 கிகாபைற்று எனின், 30 நாட் பிரதிகள் 120 கிகாபைற்று ஆகும். பழைய கணினியிற் பொருத்திய திண்மநிலைத் தட்டின் முழு அளவே அவ்வளவுதான். காக்கவென எடுத்த பிரதியே கேட்டுக்கு ஏதுவாவது வேடிக்கை அன்றோ!

இடம் போதாமையாற் கோப்புகளைக் குடிபெயர்த்தல் இன்று தோன்றிய இக்கட்டன்று. 1970 களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திற் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் யுனிக்ஸ் இயங்குதளத்தை ஆக்கியபோது, அது வளர்ந்து முதலாந் தட்டிற் கொள்ளாதாயிற்று. பயனர் தம் கோப்புகளை வைத்திருந்த இரண்டாந் தட்டுக்கு அதன் ஒரு கூற்றினை அவர் பெயர்த்தனர். பயனரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கமான யு.எஸ்.ஆர். என்னும் கோப்புறையில் இன்றும் பயனர் கோப்புகள் இன்றி நிரல்களே நிறைந்திருத்தற்குக் காரணம் அவ்விடப்பெயர்ச்சியே. பிற்காலத்தார் அப்பிரிவினைக்குப் பற்பல தத்துவ விளக்கங்கள் கூறினர். தொடக்கம் வெறும் இடநெருக்கடிதான். 1983 இல் வெளிவந்த பேர்க்கிலி யுனிக்ஸ் 4.2 பதிப்பு சுட்டிணைப்பு என்னும் வசதியைத் தந்தது. பொருள் ஓரிடத்தில் இருக்க, அதன் பெயர் வேறோரிடத்தில் நின்று அதனைச் சுட்டுவது சுட்டிணைப்பு. கல்முனைக்கு அயலூராகிய காரைதீவில் 1892 இற் பிறந்து கலைச்சொல்லாக்கத்தில் உழைத்த விபுலாநந்த அடிகள் இன்றிருப்பின் இதனினும் நல்ல சொல் தந்திருப்பார். இக்கட்டுரையளவில் இதுவே அமையும்.

எதனைப் பெயர்ப்பது என்பதிலே பலர் வழுவுகின்றனர். பெரிய சுழல்தட்டு ஒன்று வெறுமையாகக் கிடக்கின்றதெனின், உலகத்தைத் தூக்கி அதிலிட முற்படுவர். சுழல்தட்டு மெல்லியல்பினது, பலர் ஒருங்கே பல திசைகளில் ஓடும்போது நிலத்துண்டுகள் தாமதித்தே தோன்றும். முதலிற் காப்புப் பிரதிகளையும் பழைய பதிவேடுகளையும் பெயர்த்துப் பார்த்தல் வேண்டும். அதனாலே இடர் தீருமாயின் உலகம் இருந்தவிடத்தே இருக்கட்டும். தீராதாயின், சேவையகக் கோப்புறை முழுவதையும் ஒருங்கே பெயர்த்தல் நன்று. உலகத்தின் உட்பகுதியை மட்டும் துண்டாக்கிச் சுட்டிணைப்பிடுதல் ஆகாது; 2023 இல் வெளிவந்த 1.20 பதிப்பு முதலாக, உலகக் கோப்புறையினுள்ளே காணப்படும் சுட்டிணைப்புகளைத் தனி அனுமதிப் பட்டியலிற் குறித்தாலன்றி மைன்கிராப்ட் ஏற்பதில்லை.

மருதமுனையிலே கைத்தறி நெய்வோர், நாடா ஓடிக்கொண்டிருக்கையிற் தறியை நகர்த்தார். சேவையகமும் அத்தகையதே. ஓடும்போது படியெடுத்தால், ஒரு கோப்பு பழைய நிலையிலும் மற்றொன்று புதிய நிலையிலும் வந்து சேரும். நிறுத்துதற்கேற்ற வேளையையும் கருதுதல் தகும். தோஹாவின் நேரம் நமது நேரத்துக்கு இரண்டரை மணி பிந்தியது. நோன்பு மாதத்திலோ தராவீஹ் தொழுகைக்குப் பின்னரே இளைஞர் கூட்டம் கூடும். சுபஹ் தொழுது வந்து காலை ஐந்தரைக்குத் தொடங்கினால், தோஹாவில் அப்பொழுது மூன்று மணி, எவரும் ஆடார். மின்தடை வருமோ என்பதையும் விசாரித்துக்கொள்ளல் வேண்டும். 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்னின்றி இருந்ததை நாம் மறந்திலோம்.

படியெடுப்பதற்கு ஆர்சிங்க் என்னும் கருவியே சாலச் சிறந்தது. உரிமையாளர், அனுமதி, காலக்குறி என்பனவற்றை அஃது உள்ளவாறே காக்கும்; இடையில் அறுந்தால் விட்டவிடத்தை அண்டித் தொடரும். பெயர்க்கப்படும் பிரிவு லினக்சுக்குரிய கோப்புமுறையினதாக இருத்தல் வேண்டும். கையடக்கத் தட்டுகளில் வழமையாகக் காணும் எக்ஸ்பற் முறையில் உரிமைக் குறிப்புகள் நில்லா. பின்னர் எல்லாம் நிருவாகியின் பெயரில் நின்று, சேவையகம் தன் உலகத்துக்குத் தானே எழுத மாட்டாது திகைக்கும். படியெடுத்த பின் அதே கருவியைச் சரிபார்ப்புக் கூட்டுத்தொகையோடு மறுமுறை ஓட்டி, வேறுபாடு ஒன்றும் இல்லையெனக் காணல் வேண்டும். போடியார் ஒருவர் நெல்லை வேறு களஞ்சியத்துக்கு ஏற்றும்போது, புதிய இடத்தில் மூடைகளை எண்ணி முடிக்குமுன் பழைய இடத்தைக் கூட்டச் சொல்வாரா? பழைய கோப்புறையை அழியாது, அதன் பெயரை மட்டும் மாற்றி வைத்து, பழைய பெயரிலே புதிய இடத்தைச் சுட்டும் இணைப்பினை இடுக. சேவையகம் தான் அறிந்த பாதையிலேயே செல்லும். சென்று சேருமிடம் மட்டும் வேறாகும்.

சுட்டிணைப்பை விடுத்துப் புதிய பிரிவையே பழைய கோப்புறையின்மேற் பொருத்துவாரும் உளர். அதுவும் நன்முறையே, ஆயினும் அதிலே இரண்டு பொறிகள் உள. பழைய கோப்புகளை அங்கேயே விட்டு, மேலே பிரிவைப் பொருத்தினால், அவை பாயின் கீழ் மறைந்த பணம்போலப் பார்வைக்கு அகப்படா, இடத்தையோ விடா. பெயர்த்தும் இடம் பெருகவில்லையே என மயங்குவோர் பலர்க்கு நேர்ந்தது இதுவே. மற்றைய பொறி கொடிது. மின் போய் வந்து கணினி எழும்போது, யாதோ காரணத்தால் அப்பிரிவு பொருந்தாது போனதெனக் கொள்வோம். சேவையகம் எழுந்து தன் கோப்புறையை நோக்கும். அது வெறுமையாய் இருக்கும். உடனே, முதன்முறை தொடங்குவதாகக் கருதி, புத்தம் புதிய உலகமொன்றை அங்கே படைக்கத் தொடங்கும். நிரல் வேறு பிரிவில் இருக்க உலகம் மட்டும் பெயர்க்கப்பட்டவிடத்து நேர்வது இது. உள்ளே வரும் தம்பி ஊரையே காணாது அலறுவான். பழைய உலகம் பொருந்தாத பிரிவிலே பத்திரமாகவே கிடக்கும். ஆனால் அதனை அறியாத ஒருவர் பதற்றத்திற் செய்யும் திருத்தமே அதனை அழித்துவிடக்கூடும். ஆதலின் பிரிவினை அதன் தனியடையாள எண்ணாற் குறித்தலும், அப்பிரிவு பொருந்தினாலன்றிச் சேவையகம் எழலாகாது எனச் சிஸ்டம்டி என்னும் மேலாளுக்கு விதித்தலும் இன்றியமையாதன. சுட்டிணைப்பிலே இவ்வச்சம் குறைவு. சுட்டப்பட்ட இடம் இல்லையெனின் அது பெரும்பாலும் பிழை கூறி நின்றுவிடும்.

விண்டோசில் ஓடும் சேவையகத்துக்கும் நெறி இதுவே. என்.ரி.எப்.எஸ். கோப்புமுறையிற் கோப்புறைச் சந்தி என்னும் வசதி விண்டோஸ் 2000 முதலாக உண்டு. படியெடுக்க ரோபோகொப்பி உதவும். சி தட்டில் விளையாட்டுக் கோப்புகளை வையாமை அதனினும் எளிது.

பெயர்த்த பின் பழைய கோப்புறையை ஒரு வாரமேனும் வைத்திருத்தல் நலம். உலகின் நான்கு திசையிலும் சென்று, தொலைவிலுள்ள கட்டடங்களைக் கண்ணாற் கண்டு, கணினியை ஒருமுறை முற்றாக அணைத்து எழுப்பிப் பார்த்த பின்னரே அதனை அகற்றலாம். ஒரே தட்டின் இரு பிரிவுகளில் உள்ள இரு பிரதிகளை இரண்டெனக் கொள்ளலாகாது. தட்டுப் பழுதானால் இரண்டும் ஒருங்கே போகும். ஒரே வீட்டிலுள்ள இரு தட்டுகளும் அவ்வாறே. 2004 டிசம்பர் 26 இல் இலங்கையில் ஆகக் கூடிய உயிரிழப்பைக் கண்டது அம்பாறைக் கரையே. உயிர் தப்பியோரிலும் பலர் ஒரு நிழற்படமேனும் இன்றி, பிறப்புச் சான்றிதழும் இன்றி நின்றனர். ஆகவே, உலகத்தின் ஒரு பிரதி தோஹாவிலுள்ள காக்காவின் கணினியில் இருத்தல் வேண்டும். நிலத்துண்டுகள் கோப்பினுள்ளே முன்னரே சுருக்கப்பட்டிருத்தலின், பொதியாகக் கட்டுவதால் அளவு பெரிதும் குறையாது. முதன்முறை முழுவதையும் அனுப்பிவிட்டு, அதன்பின் மாறிய கோப்புகளை மட்டும் ஆர்சிங்க் வழியாக வாரமொருமுறை, வீட்டார் இணையத்தைப் பயன்படுத்தாத வேளையில் அனுப்பினாற் போதும்.