சமூகக் கல்லூரியில் ஓவியம் கற்கப் போகிறீர்களா?

கெடாவின் சுங்கை பட்டாணி, கூலிம் சமூகக் கல்லூரிகளில் பெரியவர்களும் சேரக்கூடிய குறுகியகாலப் பயிற்சிகள் உண்டு. ஓவியம், பாத்திக் வகுப்புகள் உண்டா, எப்போது என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். விலையுயர்ந்த வண்ணப் பெட்டி இப்போதைக்கு வேண்டாம். காசைத் தாளில் போடுங்கள். நீர்வண்ணத்துக்குச் சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தாள் நல்லது, மெல்லிய தாள் ஈரம் பட்டதும் நெளிந்துவிடும். நம் ஊர் ஈரக்காற்றில் தாளில் பூஞ்சை பிடிக்கும். இறுக மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

எண்ணெய் வண்ணம் என்றால் மிகுந்த கவனம் தேவை. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கலாம். வெளியில் ஒற்றையாக விரித்து, நன்றாகக் காய்ந்த பிறகே குப்பையில் போடுங்கள்.

வீட்டில் பழக, ஜெராய் மலையைக் காலையில் ஒருமுறை, மழைக்கு முன் ஒருமுறை வரையுங்கள். நிற மாற்றம் பிடிபடும்.