ஒரு நிழலைப் பார்த்துப் பயப்படலாமா?

"நெஞ்சு எக்ஸ்ரேயில் ஏதோ நிழல் தெரியுது. சி.டி. ஸ்கேன் எடுத்துடுங்க" என்று டாக்டர் சொன்னதுமே வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்காது. 'அதான் ஒரு படம் எடுத்தாச்சே, இன்னொன்று எதுக்கு?' என்ற கேள்வியும் எழும்.

நியாயமான கேள்விதான். எக்ஸ்ரே என்பது உடம்பின் நிழல். விலா எலும்பு, ரத்தக்குழாய், முதுகெலும்பு எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக விழும். இரண்டு நிழல்கள் சேர்ந்தால் கட்டி மாதிரியே தெரியலாம்!

ஒற்றை நிழல் ஏமாற்றும் என்பதற்கு நம்ம ஜவ்வாது மலையே சாட்சி. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தை நெருங்கியதைக் காவலூர் வானாய்வகத்தில் கவனித்தார்கள். நட்சத்திர ஒளி சட்டென்று மங்கி மீண்டது. யுரேனஸுக்குப் புதிய துணைக்கோள் ஒன்று இருப்பதாக ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் கருதினார்கள். அப்போது இந்தியப் பெருங்கடலுக்கு மேல் பறந்த அமெரிக்க விமான ஆய்வகத்தில் இப்படிப் பல மங்கல்கள் பதிவாகியிருந்தன. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது: அவை யுரேனஸின் வளையங்கள்!

சி.டி.யும் இப்படித்தான். எக்ஸ்ரே குழாய் உடம்பைச் சுற்றிவந்து பல கோணங்களில் நிழல்களை அளக்கிறது. மீதி வேலை கணக்கு.

மூடிய நாலு டப்பாக்களில் பட்டாணி இருக்கிறது. மேலே இரண்டு, கீழே இரண்டு. மேல் வரிசை 7, கீழ் வரிசை 7. இடப்பக்கம் 6, வலப்பக்கம் 8. மேலே 2, 5, கீழே 4, 3 என்றும் இருக்கலாம். மேலே 1, 6, கீழே 5, 2 என்றும் இருக்கலாம். 'மேல் இடது டப்பாவும் கீழ் வலது டப்பாவும் சேர்ந்து 5' என்று இன்னொரு கோணத்தையும் சொல்லிவிட்டால்? முதல் விடைதான் சரி! மூடியைத் திறக்கவே வேண்டாம்.

சி.டி.யில் இப்படி லட்சக்கணக்கான டப்பாக்கள். அந்தக் கணக்கை விரைவாகப் போடும் முறையை 1971-ல் வெளியிட்டவர்கள் நம்மவர்கள்: சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறைத் தலைவராக இருந்த ஜி.என். ராமச்சந்திரனும் ஏ.வி. லட்சுமிநாராயணனும். சி.டி.யை உருவாக்கியதற்காக ஹவுன்ஸ்ஃபீல்டும் கார்மாக்கும் 1979-ல் நோபல் பரிசு பெற்றார்கள்.

கவனிக்க வேண்டியவை:

* கோணங்கள் கூடினால் கதிர்வீச்சும் கூடும். ஒரு வயிற்று சி.டி.யில் உடம்பில் படும் கதிர், நெஞ்சு எக்ஸ்ரேயைவிடப் பல பத்து மடங்கு. எனவே 'எதுக்கும் ஒண்ணு எடுத்துப் பார்ப்போமே' என்று நீங்களாகக் கேட்காதீர்கள்.

* பழைய படங்களையும் ரிப்போர்ட்டையும் பத்திரப்படுத்துங்கள். பழசோடு ஒப்பிட்டாலே சில சமயம் புது ஸ்கேன் தேவைப்படாது.

* கர்ப்பமாக இருந்தாலோ, சந்தேகம் இருந்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

* தலையில் பலத்த அடி, பக்கவாதம் போன்ற அவசரத்தில் டாக்டர் சி.டி. எடுக்கச் சொன்னால் தயங்கவே கூடாது.

எக்ஸ்ரேயில் தெரிந்த நிழல் தீர்ப்பல்ல, கேள்விதான். பதில் வரும்வரை பயமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்!