கல்லாதலும் இறுகுதலும்: பாறை, மரம், உடல்திசு குறித்த சொல்லியல் நோக்கு

முன்னுரை

மென்மையான பொருள் கெட்டிப்படுவதைத் தமிழ் பல இடங்களில் ‘கல்’ என்னும் சொல்லால் குறிக்கிறது. மண்ணில் புதையுண்டு கல்லான மரம் கல்மரம்; சிறுநீர்ப் பாதையில் திரளும் படிவால் வரும் நோய் கல்லடைப்பு. கல் எதுவும் இல்லாத உறுப்பும் தன் திண்மையால் கல்லீரல் எனப்பட்டு, நுரைபோன்ற நுரையீரலினின்று வேறுபடுத்தப்படுகிறது. இவற்றுள் ‘கல்’ என்பது தொடுவுணர்வைச் சுட்டுகிறதேயன்றி, அத்தன்மை உண்டான முறையைச் சுட்டுவதில்லை. அறிவியல் தமிழுக்கு அம்முறையே முதன்மையானது. கெட்டிப்படும் முறைகளையும் அவற்றுக்குத் தமிழில் அமையும் வினைகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பாறை இறுகும் முறை

மணற்பாறையில் மேற்படிவுகளின் அழுத்தத்தால் மணல் நெருங்குகிறது; இடைவெளிகளில் ஊறும் நீர் சிலிக்கா, கால்சைட்டு, இரும்பு ஆக்சைடு போன்றவற்றைப் படியவிட்டு மணலைப் பிணைக்கிறது. செம்புரைக்கல்லின் நிலை வேறு. மலபாரில் இதனைக் கண்ட பிரான்சிசு புக்கானன், 1807இல் வெளிவந்த தம் பயண நூலில் இதன் இயல்பைப் பதிவு செய்தார். வெட்டும்போது மென்மையாக இருக்கும் இக்கல், காற்றுப்பட்டு உலர்கையில் இரும்புச் சேர்மங்கள் படிகமாவதால் இறுகுகிறது. முன்னதில் வெளிப்பொருள் வந்து படிகிறது. பின்னதில் உள்ள பொருளே நிலை மாறுகிறது.

மரம் கெட்டிப்படும் முறை

விழுப்புரம் மாவட்டத் திருவக்கரையில் உள்ள கல்மரங்களில், சிலிக்கா கலந்த நீர் மரத்தினுள் ஊறி உயிரணு இடைவெளிகளை நிரப்பியது. மரப்பொருளின் இடத்தையும் சிலிக்கா பிடித்தது. ஆதலின் மரம் கல்லான பின்னும் அதன் உள்ளமைப்பு காணக்கிடைக்கிறது.

உயிருள்ள மரத்தின் நடுப்பகுதி கெட்டிப்படுவதைத் தமிழ் ‘வைரம் பாய்தல்’ என்கிறது. அங்குப் பிசின் முதலியன ஊறிச் செறிகின்றன; கனிமம் மரப்பொருளின் இடத்தைப் பிடிப்பதில்லை. புறக்காழ், அகக்காழ் எனத் தாவரங்களைப் பகுத்த தொல்காப்பிய மரபியல், திண்மை அமையும் இடத்தையே வகைப்பாட்டின் அடிப்படையாகக் கொண்டது.

உடல்திசு கெட்டிப்படும் முறை

என்பில் கொலாஜன் இழைகளோடு கால்சியம் பாஸ்பேட்டுக் கனிமம் சேர்ந்து வலுவூட்டுகிறது. குருதிக்குழாய்ச் சுவரிலும் இத்தகைய கனிமம் படியலாம். அது தானாக நிகழும் படிவு மட்டுமன்று. சுவரின் தசை உயிரணுக்கள் என்பாக்க உயிரணுக்களின் இயல்பைப் பெறுவதும் அதற்குக் காரணமாகிறது. தழும்பிலும், நாட்பட்ட நோயால் இறுகிய கல்லீரலிலும் நிகழ்வது வேறு. அங்குக் கொலாஜன் இழைகள் மிகுந்து பின்னிப் பிணைகின்றன. திண்மைக்குக் கனிமம் தேவைப்படுவதில்லை.

சொற்பகுப்பு

இந்நிகழ்வுகள் அனைத்தையும் ‘கல்லாதல்’ எனப் பெயர்த்தால், நார்மிகுந்த ஈரலில் சுண்ணம் படிந்துள்ளதாகப் பயில்வோர் பிழைபட உணர்வர். துகள்கள் ஒட்டுவதற்குப் ‘பிணைதல்’, மரப்பொருளின் இடத்தைக் கனிமம் பிடிப்பதற்குக் ‘கல்லாதல்’, திசுவில் கால்சியம் சேர்வதற்குச் ‘சுண்ணமேறல்’, இழைப்பெருக்கத்திற்கு ‘நார்மிகுதல்’ என வரையறுப்பது பொருந்தும். ‘இறுகுதல்’ அனைத்திற்கும் பொதுச்சொல்லாக நிற்கலாம்.

முடிவுரை

‘கல்’ என்னும் பெயர் விளைவைக் காட்டுகிறது. பிணைதல், ஏறல், மிகுதல் என்னும் வினைகள் அவ்விளைவு உண்டான முறையைக் காட்டுகின்றன. ‘வைரம் பாய்தல்’ என்னும் வழக்கு, முறையை வினையால் உணர்த்தும் மரபு தமிழில் முன்னரே உள்ளமைக்குச் சான்றாகும். கலைச்சொல்லாக்கம் பெயரைத் தேர்வதோடு அமையாது, உரிய வினையையும் தேர்ந்து வரையறுத்தல் வேண்டும்.