மரவுரியும் ஏலமும்
மரவுரி என்றதும் காடேகிய இராமனே நம் நினைவுக்கு வருகிறான். உகாண்டாவின் பகாண்டா மக்களோ அதை இன்றும் செய்கின்றனர், 'லுபுகோ' என்பர். நம் ஆலும் அரசும் சேர்ந்த இனத்ததான முட்டுபா மரத்தின் உட்பட்டையை உரித்து, வேகவைத்து, வரிவெட்டிய மரச்சுத்தியால் தட்டித் தட்டி அகலமாக்குவர். உரித்த மரத்துக்கு வாழையிலைக் கட்டுப் போடுவர். பட்டை மீண்டும் வளரும். (விஞ்ஞான மாணவனான எனக்கு இந்த வைத்தியமே பெரு வியப்பு!)

நைரோபியில் 1984-இல் பிறந்த மைக்கேல் ஆர்மிட்டேஜ் இந்த மரவுரியின்மீது தைல வண்ணம் தீட்டுகிறார். அதன் துளைகளையும் தையல்களையும் அவர் மறைப்பதில்லை. 2015-இல் வரைந்த 'கன்சர்வேஷனிஸ்ட்ஸ்' என்னும் ஓவியம் 2019-இல் நியூயார்க்கில் சோதபி நிறுவனத்தின் ஏலத்துக்கு வந்தது. மதிப்பீடு 50,000 முதல் 70,000 டாலர். போனதோ, ஏலக் கட்டணம் உட்பட, 15 இலட்சம் டாலருக்கு மேல்!

இப்பணம் யாருக்கு? படத்தை முன்பே வாங்கி வைத்திருந்தவருக்கும் ஏல நிறுவனத்துக்கும். இத்தகைய மறுவிற்பனையில் பிரிட்டனில் ஓவியருக்குச் சட்டப்படி ஒரு சிறு பங்கு உண்டு. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் அது இல்லை. விலை ஏறினால் ஓவியரின் அடுத்த படத்துக்கு மதிப்புக் கூடுமே என்பர். கூடலாம், அது உரிமை ஆகாது. கென்யா 2019-இல் தன் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி இவ்வுரிமையைச் சேர்த்தது. எனினும் ஏலச் சுத்தியல் நியூயார்க்கில் விழும்போது நைரோபிச் சட்டம் அங்கே எட்டுவதில்லை.