ஓடாத புகையிரதம்: பிழை காணும் ஒழுங்கு



புகையிரதம் பிறந்த நாடு பிரித்தானியா. மாதிரிப் புகையிரதங்களை ஓட்டி மகிழும் பொழுதுபோக்கும் இந்நாட்டில் நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. 1910ஆம் ஆண்டிலேயே இலண்டனில் மாதிரிப் புகையிரதக் கழகம் ஒன்று தொடங்கப்பட்டது. லிவர்பூல் நகரைச் சேர்ந்த பிராங் ஹோர்ன்பி என்பவர் 1920ஆம் ஆண்டில் விளையாட்டுப் புகையிரதங்களை விற்பனைக்குக் கொண்டுவந்தார். முதலில் வந்தவை சாவி முறுக்கினால் ஓடுபவை. மின்சாரத்தில் ஓடுபவை பின்னர் வந்தன. இன்று எம்மவர் வீடுகள் பலவற்றிலும் இவை உள்ளன.

ஆசையோடு வாங்கிய இயந்திரம் ஒருநாள் ஓடாது நின்றுவிட்டால், "பழுதாகிவிட்டது" என்று சொல்லி அதைப் பெட்டியில் இட்டு மூடிவிடுகின்றோம். பெரும்பாலும் அது பழுதடைந்திருப்பதில்லை, அழுக்கடைந்தே இருக்கும். ஒழுங்காகத் தேடினால் பிழையைக் கண்டுபிடிக்கலாம். அவ்வொழுங்கே இப்பாடமாகும்.

மின்சாரம் செல்லும் வழி

சுவரிலுள்ள மின்சாரம் நேராகத் தண்டவாளத்துக்குச் செல்வதில்லை. கட்டுப்பாட்டுப் பெட்டியும் அதனோடு சேர்ந்த நிலைமாற்றியும் அதனை ஏறக்குறைய 12 உவோற்று நேரோட்டமாகக் குறைத்துத் தருகின்றன. அம்மின்னோட்டம் ஒரு தண்டவாளத்தின் வழியே வந்து, அப்பக்கத்துச் சில்லில் ஏறி, சில்லைத் தொட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய உலோகத் தகட்டினூடாக மோட்டரை அடைகின்றது. மோட்டரைச் சுழற்றியபின் மறுபக்கத் தகடு, மறுபக்கச் சில்லு, மற்றைய தண்டவாளம் என்னும் வழியே பெட்டிக்குத் திரும்புகின்றது. இவ்வளையத்தையே மின்சுற்று என்கின்றோம். இதில் ஓரிடத்தில் மயிரிழை இடைவெளி ஏற்பட்டாலும் இயந்திரம் நின்றுவிடும். ஆகவே எமது வேலை, அவ்விடைவெளி எங்கேயுள்ளது எனத் தேடுவதேயாகும்.

முதலாவது: பாதை

இயந்திரத்தைத் திறக்குமுன் பாதையைச் சோதித்தல் வேண்டும். 12 உவோற்று மின்குமிழ் ஒன்றின் இரு கம்பிகளையும் இரு தண்டவாளங்களிலும் வைத்துப் பாருங்கள். குமிழ் எரிந்தால் அவ்விடம் வரை மின்சாரம் வருகின்றது. எரியாவிட்டால் கம்பித் தொடுப்புகளையும், தண்டவாளத் துண்டுகளை இணைக்குந் தகடுகளையும் பாருங்கள். ஓர் ஊசியோ கடதாசிக் கவ்வியோ இரு தண்டவாளங்களிலும் குறுக்கே கிடந்தாலும் குறுஞ்சுற்று ஏற்பட்டு ஓட்டம் தடைப்படும்.

பின்பு மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஐசோபுரோப்பைல் அற்ககோலில் சிறிது நனைத்த துணியால் தண்டவாளத்தின் மேற்பரப்பைத் துடையுங்கள். துணியிற் கறுப்பு ஒட்டும். மினுக்கத்தாள் கொண்டு தேய்த்தல் கூடாது. அதனால் விழும் கீறல்களில் அழுக்கு மேலும் விரைவாகச் சேரும். அற்ககோல் தீப்பற்றக்கூடியது. யன்னலைத் திறந்து வைத்து, நன்கு உலர்ந்தபின்னரே மின்சாரத்தைக் கொடுங்கள்.

இரண்டாவது: சில்லுகள்

இயந்திரத்தைக் கவிழ்த்து, பஞ்சுக் குச்சியால் சில்லுகளைத் துடையுங்கள். பின்னர் 9 உவோற்று மின்கலத்தின் இரு முனைகளிலிருந்தும் கம்பி எடுத்து, இரு பக்கச் சில்லுகளிலும் தொடுங்கள். சில இயந்திரங்களில் எல்லாச் சில்லுகளும் மின்சாரம் ஏற்பதில்லை. ஆகவே ஒவ்வொரு சோடியாகத் தொட்டுப் பாருங்கள். மோட்டர் சுழன்றால் இயந்திரம் நல்லது, குற்றம் பாதையிலேயே உள்ளது. இலக்கமுறைக் கட்டுப்பாட்டுக்கான இலத்திரனியற் பலகை பொருத்திய புதிய இயந்திரங்களுக்கு இச்சோதனை பொருந்தாது.

மூன்றாவது: உள்ளே

மேலுறையைக் கழற்றும்போது திருகாணிகளை ஒரு தட்டில் இடுங்கள். ஒவ்வொன்றும் இருந்த இடத்தைக் கொப்பியில் வரைந்துகொள்ளுங்கள். அச்சுகளில் தலைமயிரும் கம்பள நூலும் சுற்றியிருந்தால் குறட்டால் மெல்ல இழுத்தெடுங்கள். மின்சாரம் ஏற்கும் தகடுகள் சில்லுகளைத் தொடுகின்றனவா எனப் பாருங்கள்.

அடுத்து, மின்கலக் கம்பிகளை மோட்டரின் முனைகளிலேயே தொடுங்கள். மோட்டர் சுழன்றால் தகட்டிலோ இணைப்புக் கம்பியிலோ பிழை. மோட்டர் சுழன்றும் சில்லு சுழலாவிட்டால் பற்சில்லிற் பிழை. மோட்டர் முனகிக்கொண்டு அசையாது நின்றால் பழைய கிறீஸ் இறுகியிருக்கலாம். சத்தமே இல்லையெனின் காபன் தூரிகைகள் தேய்ந்திருக்கலாம், அல்லது அவை உரசும் திசைமாற்றி கறுத்திருக்கலாம். திசைமாற்றியைப் பஞ்சுக் குச்சியாலும், அதன் பிளவுகளைப் பல் குத்தும் மரக்குச்சியாலும் சுத்தஞ் செய்யலாம். அச்சுகளுக்கு ஊசிமுனையளவு எண்ணெய் போதும். திசைமாற்றியில் எண்ணெய் படவே கூடாது. முற்றாக மூடப்பட்ட மோட்டர்களைத் திறக்க முயலாது, புதியது மாற்றுவதே நன்று.

எரிமணம் வந்தால் உடனே நிறுத்துங்கள். சுவர் மின்சாரத்தோடு தொடுக்கப்படும் பெட்டியை எவரும் திறத்தல் ஆகாது. அது உயிருக்கு ஆபத்தானது.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் திருத்தி, உடனே ஓட்டிப் பாருங்கள். நான்கை ஒன்றாக மாற்றினால் எது பிழையென்பதை அறியமாட்டீர்கள்.

பாடத்தின் பயன்

நாம் ஊரிற் கற்பித்த காலத்தில், மின்மோட்டரைக் கரும்பலகையில் வரைந்தே விளக்கினோம். இங்கே பிள்ளையின் கையிலேயே மோட்டர் இருக்கின்றது. நேரோட்டம், திசைமாற்றி, பற்சில்லு முதலிய சொற்களால் தமிழிலேயே அதனை விளக்கலாம். சனிக்கிழமை எழுத்துக்கு மட்டும் உரிய மொழியன்று தமிழ்; திருப்புளி பிடிக்கும் கைக்கும் உரியது.

பெற்றோர் பலர் யாழ்தேவியிற் பயணஞ் செய்தவர்கள். 1956ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய அவ்வண்டி, 1990ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கு வருவதை நிறுத்தியது. நின்றதற்குக் காரணம் இயந்திரமன்று. போரினாற் பாதை அழிந்தது, தண்டவாளங்களும் பெயர்க்கப்பட்டன. 2014ஆம் ஆண்டில் பாதை மீண்டும் அமைந்தபின்னரே யாழ்ப்பாணத்தில் வண்டியின் கூவல் கேட்டது.

ஆகவே பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை தமிழ் பேசவில்லையெனின், "இவனுக்கு வராது" என்று உடனே தீர்ப்புக் கூறாதீர்கள். வீட்டிலே தமிழ் செல்லும் பாதை உள்ளதா, அது எங்கே அறுந்துள்ளது என்று முதலிற் பாருங்கள். இவ்வாரம் ஒரு மணி நேரம் பிள்ளையோடு தரையில் அமர்ந்து, ஓடாத அந்த இயந்திரத்தைத் தமிழிலே பேசித் திருத்துங்கள்.

பயிற்சி

1. மின்சாரம் பெட்டியிலிருந்து புறப்பட்டுத் திரும்பும் வழியைப் படம் வரைந்து பெயரிடுக.
2. மோட்டர் சுழல்கின்றது, சில்லு சுழலவில்லை. பிழை எங்கே?
3. தண்டவாளத்தை மினுக்கத்தாளால் தேய்த்தல் ஏன் தகாது?